பள்ளியும் புரவலரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிதிக்குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)

  

இன்னிசை நிகழ்ச்சி தொடங்குதற்கு முன் நிதிக்குழுவின் சார்பில் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் நம்மைப் பணித்தார். பாட்டுக் கேட்க வந்த அவையில் கணக்குப் பேசுவது எத்துணை இடருடைய செயல் என்பதை நாம் அறியாதவர் அல்லோம். சென்ற ஆண்டு இதே மேடையில் நன்கொடையாளர் பட்டியலைப் படிக்கத் தொடங்கிய அளவில், பின்வரிசையில் இருந்த இளைஞர் பலர் காப்பி அருந்த எழுந்து போயினர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இம்முறை அப்பட்டியலைப் படிக்கப் போவதில்லை. அதனின்றும் மறைந்துபோன பெயர்களைப் பற்றியே பேசப் போகின்றோம்.

நம் பள்ளியின் மாடியில் இரண்டு ஆண்டுகளாகப் பன்னிரண்டு தூண்கள் கூரையின்றி நிற்பதை நீங்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள். தூண்களின் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பிகள் துருவேறிச் சிவந்துவிட்டன. ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளுக்கென்று தொடங்கிய அறைகள் அவை. அவை முடியாமையால், எட்டாம் வகுப்புத் தேறிய நம் பிள்ளைகள் வேறு பள்ளிகளுக்குச் செல்கின்றனர். அங்கே தமிழ் இல்லை. பதின்மூன்று வயதில் தமிழ்ப் புத்தகத்தை மூடிய பிள்ளை, இரண்டே ஆண்டுகளில் ஊரிலுள்ள பாட்டியிடம் தொலைபேசியில் பாதி இந்தியில் பேசுகிறது. "என்னடா கண்ணு சொல்றே?" என்று பாட்டி கேட்கிறாள். காலனியில் எத்தனை வீடுகளில் இக்காட்சி நிகழ்கிறது என்பதை நீங்களே அறிவீர்கள்.

கூரை ஏறாமைக்குக் காரணம் பணமில்லை என்பதே. பணமில்லாமைக்குக் காரணம் என்ன? இக்கேள்விக்கு விடை காண எண்ணி, விடுமுறை நாளொன்றில் பழைய பேரேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு பள்ளிக்கு நன்கொடை தந்தோர் 143 பேர். சென்ற ஆண்டு தந்தோர் 88 பேர். குறைந்த 55 பேரில் காலமானவர் சிலர். மாற்றலாகிப் போனவரும் ஓய்வு பெற்று ஊர் திரும்பியவரும் சிலர். இவர்களையெல்லாம் கழித்த பின்னும் 27 பெயர்கள் எஞ்சின. அவர்கள் இந்நகரிலேயே இருக்கின்றனர். அதே வீட்டில், அதே கடையில் இருக்கின்றனர். நாள்தோறும் அவர்கள் வாயிலைக் கடந்தே நாம் வேலைக்குச் செல்கிறோம். அவர்களுள் ஒருவரேனும் "இனித் தரமாட்டேன்" என்று சொன்னதாக நினைவில்லை. எப்பொழுது நின்றார்கள் என்றே நமக்குத் தெரியவில்லை. அதுதான் வெட்கத்திற்குரியது.

நாம் வேலை பார்ப்பது பார்சல் அலுவலகத்தில். கல்வி பத்தாம் வகுப்போடு நின்றது. பொருளாதாரமோ மனநூலோ படித்தவர் அல்லோம். ஆயினும் இருபதாண்டுகளாகச் சன்னலுக்கு இப்புறம் அமர்ந்து பார்த்த ஒன்றைச் சொல்லலாம். பார்சல் அனுப்ப வருபவர் கட்டணம் செலுத்துகிறார், ரசீது பெறுகிறார், போய்விடுகிறார். மூன்றாம் நாள் திரும்பவும் வந்து நிற்கிறார். அவர் கேட்பது ஒன்றே: "சரக்கு சேர்ந்ததா?" ரசீது தந்தோமே, அதிலே எடையும் கட்டணமும் தெளிவாக எழுதியிருக்கிறதே என்று சொன்னால் அவர் அமைதி அடைவாரா? ரசீது என்பது நாம் வாங்கிக்கொண்டோம் என்பதற்குச் சான்று. சேர்ந்தது என்பதற்குச் சான்று அன்று. அதற்கென்று போய்ச் சேரும் நிலையத்தில் தனிப் புத்தகம் இருக்கிறது. பெற்றுக்கொண்டவர் அதில் கையொப்பம் இடுகிறார்.

நம் பள்ளியில் ரசீதுப் புத்தகம் உண்டு. அடிக்கட்டைகள் எண் வரிசையாக உண்டு. தணிக்கையாளர் ஆண்டுதோறும் பார்த்துக் கையெழுத்திடுகிறார். ஒரு காசும் பிசகியதில்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்வோம். ஆனால் சரக்குச் சேர்ந்ததைச் சொல்லும் புத்தகம் மட்டும் இல்லை. கொடுத்தவர் மனத்தில் அக்கேள்வி ஆண்டுக்கணக்காக நின்றுகொண்டிருந்தது. நாமோ மறுபடியும் ரசீதுப் புத்தகத்தோடு போய் நின்றோம்.

நடந்த ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். கடைத்தெருவில் மளிகை வாணிகம் செய்யும் பெரியவர் ஒருவர். தமிழரல்லர், இராசத்தானத்திலிருந்து அவருடைய பாட்டனார் காலத்தில் இந்நகருக்கு வந்த குடும்பம். பதினோர் ஆண்டுகள் தவறாது பள்ளிக்கு ஐயாயிரம் ரூபாய் தந்தவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவருடைய தாயார் இறந்தபோது, அவர் நினைவாக நூலகத்திற்குப் புத்தகம் வாங்குமாறு இருபத்தையாயிரம் ரூபாய் தனியே தந்தார். நாங்கள் ரசீது கொடுத்தோம். நன்றி மடல் ஒன்றைப் பியூன் வழியாக அனுப்பினோம். புத்தகங்களும் வாங்கினோம், நல்ல புத்தகங்களே வாங்கினோம். அவற்றில் அந்த அம்மையாரின் பெயரை எழுத மறந்துபோனோம். அவரை நூலகத்திற்கு அழைக்கவும் இல்லை.

சென்ற ஆண்டு கூரைக்காக அவர் கடைக்குச் சென்றபோது, "வாருங்கள் பாபுஜி" என்று வழக்கம்போல் உட்காரச் சொன்னார்; தேநீர் வரவழைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "என் தாயார் பெயரில் வாங்கிய புத்தகங்களை எந்தப் பிள்ளை படிக்கிறது?" எங்களில் ஒருவரிடமும் விடை இல்லை. அவர் சினம் கொள்ளவில்லை. பெட்டியைத் திறந்து ஐந்நூறு ரூபாய் எடுத்துத் தந்தார். இல்லை என்று சொல்லியிருந்தால் வாதாடியாவது இருப்போம். அந்த ஐந்நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு படியிறங்கிய வேளை, மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அவர் மனம் ஆறியதா என்பதைப் பின்னர்ச் சொல்கிறோம். இதற்கிடையில், நம்மினும் பன்மடங்கு பெரிய வேலையை மேற்கொண்டு முடித்த ஒருவரைப் பற்றிச் சிறிது பேசுவோம். காசி இந்து பல்கலைக்கழகத்தை அமைத்த பண்டித மதன் மோகன மாளவியரைப் பற்றியே சொல்கிறோம். காசிக்குச் செல்லும் நம்மவர் பலர் அப்பல்கலைக்கழக வளாகத்தைக் கண்டிருப்பர். ஒரு கோடி ரூபாய் திரட்ட வேண்டும் என்று துணிந்தவர் அவர். அன்றைய ஒரு கோடி! இரப்போருள் வேந்தர் என்று நாட்டார் அவரை அன்புடன் குறித்தனர். அவர் நன்கொடை வாங்கிய சாமர்த்தியத்தைப் பற்றிப் பல கதைகள் வழங்குகின்றன. இன்ன அரசர் மறுத்தார், இவர் இன்ன தந்திரம் செய்தார் என்பன போன்ற அக்கதைகளைக் கேட்டு நகைப்பதோடு விட்டுவிடுவது நலம். தந்திரத்தால் ஒருமுறை வாங்கலாம். அவர் செய்ததோ பல்லாண்டுப் பணி.

ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். 1905ஆம் ஆண்டின் இறுதியில் காசியில் காங்கிரசு மாநாடு கூடியபோதே தம் திட்டத்தை அவர் பெரியோர் முன் வைத்துவிட்டார். மறு மாதம் பிரயாகையில் கும்பமேளாவுக்கு வந்தோர் முன்னும் வைத்தார். ஊர் ஊராகப் புகைவண்டியேறிப் பெருநிதி திரட்டியதோ 1911ஆம் ஆண்டு முதல்தான். இடையே கழிந்த ஐந்தாண்டுகளும் வீண் போகவில்லை. பணம் கேட்க அவர் வந்தபோது எதற்காகக் கேட்கிறார் என்பது நாட்டுக்கு முன்பே தெரிந்திருந்தது. நாமோ திட்டத்தையும் துண்டறிக்கையையும் ரசீதுப் புத்தகத்தையும் ஒரே மாலையில், அதுவும் கடை மூடும் நேரத்தில், கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

அதே காலத்தில் காசியில் பல்கலைக்கழகம் அமைக்க வேறிருவரும் முயன்றுகொண்டிருந்தனர். அன்னி பெசன்ட் அம்மையார் 1898ஆம் ஆண்டிலேயே அங்கு மத்திய இந்துக் கல்லூரியை நிறுவியவர். அதை வளர்த்துப் பல்கலைக்கழகம் ஆக்க விரும்பினார். தர்பங்கா மகாராசா இராமேசுவர சிங் அவர்களுக்கும் தனித் திட்டம் இருந்தது. மூவரும் தனித்தனியே ஒரே கதவுகளைத் தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1911ஆம் ஆண்டில் மூன்று திட்டங்களும் ஒன்றாயின. அம்மையாரின் கல்லூரி புதிய பல்கலைக்கழகத்தின் கருவாயிற்று. தர்பங்கா மகாராசா மாளவியரோடு கூடவே நிதி திரட்டப் புறப்பட்டார். கொடுப்பவரையே கேட்பவராக்கிய இச்செயலுக்கு ஒப்பாக வேறொன்றைச் சொல்ல நமக்குத் தெரியவில்லை. காசி மன்னர் ஏறத்தாழ 1,300 ஏக்கர் நிலம் அளித்தார். 1915ஆம் ஆண்டு அக்டோபரில் சட்டம் நிறைவேறியது. 1916ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் ஆர்டிஞ்சுப் பிரபு அடிக்கல் நாட்டினார். மைசூர் மன்னர் கிருஷ்ணராச உடையார் முதல் வேந்தரானார். நம்மவர் பெருமைக்காக ஒன்று: 1918–19ஆம் ஆண்டுகளில் அங்கே துணைவேந்தராக இருந்தவர் தஞ்சைத் தரணியைச் சேர்ந்த சர் பி. எஸ். சிவசாமி ஐயர். அவருக்குப் பின் 1919ஆம் ஆண்டில் மாளவியரே துணைவேந்தராகி ஏறத்தாழ இருபதாண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். கொடுத்தவர்கள் காசிக்கு வந்து பார்த்தால், பணத்தை வாங்கிச் சென்றவரே அங்கே பள்ளியைக் காத்துக்கொண்டு நின்றார். இதனினும் சிறந்த 'சரக்குச் சேர்ந்த' புத்தகம் எது?

தர்பங்கா மகாராசாவைப் பற்றிப் பேசும்போது நம் காலனியை எண்ணாதிருக்க முடியவில்லை. சென்ற ஆண்டு கடைத்தெருவில் ஒரே கடைக்குத் தமிழர்கள் நான்கு முறை சென்றிருக்கின்றனர். முருகன் கோயில் திருப்பணிக்கு ஒரு குழு, ஐயப்ப பூசைக்கு ஒரு குழு, இம்மலரின் விளம்பரத்திற்கு ஒரு குழு, பள்ளிக்கு நாங்கள். நான்காவதாகச் சென்ற எங்களைப் பார்த்துக் கடைக்காரர், "நீங்கள் எந்தத் தமிழர்?" என்று கேட்டார். நகைச்சுவையாகத்தான் கேட்டார். ஆனாலும் நமக்குச் சுருக்கென்றது. நான்கு குழுவினரும் ஒரு நாள் கூடி உட்கார்ந்து, யார் எங்கே எந்த மாதம் செல்வது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? இம்மலரின் விளம்பரப் பக்கங்களைப் புரட்டுங்கள். அங்கே இருப்போரும் நம் புரவலர்களே. மலர் அச்சானதும் ஒரு படியை அவர்கள் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறோமா? பெரும்பாலும் அடுத்த ஆண்டு விளம்பரம் கேட்கப் போகும்போதுதான் பழைய மலர் அவர்களுக்குக் கிடைக்கிறது.

இனி நம் தாயகத்திலிருந்து ஒன்று. பெருந்தலைவர் காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் கல்வித்துறையின் இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1958ஆம் ஆண்டில் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்ற ஒன்று தொடங்கிற்று. பின்னர் அம்மாநாடுகள் தமிழகம் எங்கும் பரவின. காலனியிலுள்ள முதியோர் சிலர் சிறுவராய் இருந்தபோது தம் ஊரில் அவற்றைக் கண்டிருக்கலாம். அம்முறையின் நுட்பம் எளியது. ஊர்ப் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று முதலில் பட்டியல் எழுதினர்: கரும்பலகை, கடிகாரம், நிலப்படம், நாற்காலி, சீருடை, சுற்றுச்சுவர், புதிய அறை. ஊரார் தத்தம் ஆற்றலுக்கு ஏற்ப ஒன்றை ஏற்றுக்கொண்டனர். நிலமுடையவர் அறை கட்டித் தந்தார். இல்லாதவர் ஒரு பலகை வாங்கித் தந்தார். "இத்தனை ரூபாய் கொடுங்கள்" என்னும்போது ஏழைக்கு நாணம் உண்டாகிறது, செல்வர்க்கு ஐயம் உண்டாகிறது. "இந்தக் கடிகாரத்தைக் கொடுங்கள்" என்னும்போது இரண்டும் இல்லை. கொடுத்த கடிகாரம் சுவரில் ஓடிக்கொண்டிருப்பதை, வழியே போகும்போதெல்லாம் கொடுத்தவர் எட்டிப் பார்க்கலாம்.

நாம் கூரைக்கு என்று பன்னிரண்டு இலட்சம் கேட்டோம். பன்னிரண்டு இலட்சம் என்றதும் மாதச் சம்பளக்காரர், "அது நம்மால் ஆகிற காரியமா? பெரிய மனிதர் பார்த்துக்கொள்வர்" என்று ஒதுங்கிக்கொண்டார். பெரிய மனிதரோ, "இவ்வளவு குடும்பம் இருக்கிறதே, சேர்ந்து செய்யட்டும்" என்றார். அழகப்பச் செட்டியார் போன்ற வள்ளல் ஒருவர் எழுந்து நின்றால் ஒரே நாளில் முடியுமே என்று நம்மில் சிலர் ஏங்குவதுண்டு. 1947ஆம் ஆண்டில் கூட்டமொன்றில், கல்லூரிகள் தொடங்கச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியார் கேட்டார். அழகப்பர் அங்கேயே இசைந்தார். அவ்வாண்டே காரைக்குடியில் கல்லூரி எழுந்தது. உண்மையே. ஆனால் அழகப்பரை எண்ணிக் காத்திருந்த ஊர்கள் எத்தனை! தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் 1923ஆம் ஆண்டிலும், மும்பை மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932ஆம் ஆண்டிலும் தோன்றின. நம்மைப் போல் வேலைக்காக ஊரைவிட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்காகத் தோன்றியவை அவை. தில்லிக் கழகம் இன்று ஏழு பள்ளிகளை நடத்துகிறது. நாம் பின்பற்றத் தக்க வழி அதுவே.

இக்காலத்துக்குரிய இடர்களும் சில உண்டு. பள்ளி வாயிலில் க்யூஆர் அட்டை ஒன்றை ஒட்டி வைத்தோம். யாரேனும் கைப்பேசியை நீட்டினால் பணம் வங்கிக் கணக்கில் வந்து விழுகிறது. வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் வங்கிப் பட்டியலில் ஒரு பெயரும் எண்ணும் மட்டும் வருகின்றன, முகம் வருவதில்லை. சென்ற ஆண்டு இவ்வாறு வந்த பதினேழு தொகைகளுக்கு ஒரு நன்றிச் சொல்லும் போகவில்லை. அவற்றுள் ஒன்று, மாதந்தோறும் முதல் தேதியில் நூறு ரூபாயாகத் தவறாமல் வருவது. விசாரித்ததில், நம் பள்ளியில் முன்பு ஆயாவாக இருந்த அம்மையாரின் மகன் அனுப்புகிறார் என்று தெரிந்தது. பதினெட்டு மாதமாக அனுப்பியிருக்கிறார்.

வரிச்சலுகைக்குரிய சான்றிதழைக் காலத்தில் தராமையால் வருத்தமுற்றவர் உண்டு. 2017ஆம் ஆண்டு முதல், 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாகத் தந்தால் அச்சலுகை கிடையாது. வாங்கும்போதே அதைச் சொல்லிவிடுவது நேர்மை. அயல்நாட்டில் வாழும் பழைய மாணவரிடமும் கவனம் வேண்டும். இந்தியக் குடியுரிமையை விடாதவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பலாம். அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்புவது, 2010ஆம் ஆண்டின் சட்டப்படி அயல்நாட்டு நன்கொடை ஆகும். மைய அரசிடம் பதிவோ முன் அனுமதியோ இன்றி அதைப் பெறலாகாது. ஆர்வத்தோடு பணம் அனுப்ப முன்வந்த ஒருவரிடம் "வேண்டா" என்று சொல்ல நேர்ந்தது. அவருக்குக் காரணத்தை விளக்கி நீண்ட மடல் எழுதினோம். அதன் பின் அவர் மாதம் ஒரு ஞாயிறு, கணினி வழியே எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார்.

மளிகைக் கடைப் பெரியவர் செய்திக்கு வருவோம். அன்றிரவே நூலகப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். அவர் தாயார் நினைவாக வாங்கிய நூல்களுள் பதினெட்டை, வண்டி ஓட்டுநர் ஒருவரின் மகள், ஏழாம் வகுப்புச் சிறுமி, ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் படித்திருந்தாள். மறுவாரம் புத்தகங்கள் அனைத்திலும் அந்த அம்மையாரின் பெயரை ஆசிரியை எழுதினார். அச்சிறுமி தான் படித்த கதைகளைப் பற்றித் தானே இந்தியில் ஒரு கடிதம் எழுதினாள். ஆசிரியையும் நான்கு பிள்ளைகளும் அக்கடிதத்தோடு கடைக்குச் சென்றனர். நாங்கள் செல்லவில்லை, எங்களைக் கண்டால் பெட்டியைத் திறப்பதா மூடுவதா என்று அவருக்கு எண்ணம் போகும். கடிதத்தை அவர் இருமுறை படித்தாராம். பிள்ளைகளுக்குப் பேடா கொடுத்தாராம். பணத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, ஆசிரியையும் பேசவில்லை.

சனவரி 26ஆம் நாள் கொடியேற்றத்திற்கு அழைத்தோம், வந்தார். நூலகத்தில் அரை மணி நேரம் தனியே அமர்ந்திருந்தார். போகும்போது மாடிப்படியில் ஏறிப் பார்த்து, "இந்தக் கம்பிகள் இன்னும் ஒரு மழைக்காலம் தாங்குமா, பாபுஜி?" என்று கேட்டார். "பொறியாளரைக் கேட்டுச் சொல்கிறோம், சேட்ஜி" என்றோம். பொறியாளர் வந்து பார்த்துவிட்டார். அவர் சொன்னதைச் சேட்ஜியிடம் இன்னும் சொல்லவில்லை. இவ்வாரம் சொல்ல வேண்டும்.

எஞ்சிய 26 பேரின் பெயர்களையும் முகவரிகளையும் தனித்தனிச் சீட்டாக எழுதி வைத்திருக்கிறோம். ஒவ்வொருவரும் எந்த ஆண்டில் என்ன தந்தார், அது பள்ளியில் இன்று எங்கே எப்படி இருக்கிறது என்பது சீட்டின் பின்புறம் இருக்கிறது. சிலவற்றைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் தேட வேண்டியிருந்தது. ஒரு மின்விசிறி கிடைக்கவே இல்லை. அதையும் உள்ளபடியே எழுதியிருக்கிறோம். ஒரு குடும்பத்திற்கு ஒரு சீட்டு வீதம் எடுத்துக்கொள்ள இருபத்தாறு குடும்பங்கள் வேண்டும். தாய்மார்கள் முன்வந்தால் மிக நன்று. வாசலில் நிற்கும் எங்களைவிட அவர்களை வீட்டார் உள்ளே அழைத்துப் பேசுவர். கூரைக்குரிய பட்டியலும் அணியமாக இருக்கிறது: சிமெண்டு இத்தனை மூட்டை, கம்பி இத்தனை கிலோ, சன்னல் எட்டு, கதவு இரண்டு. ஆனால் அதை இப்போது எடுத்துச் செல்ல வேண்டா.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பள்ளி வாயிலில் கூடுகிறோம். சிற்றுண்டி உண்டு. ரசீதுப் புத்தகத்தை ஒருவரும் கொண்டு வரலாகாது.

இசைக் குழுவினர் காத்திருக்கின்றனர்.